மூன்றாவது விசில்

தலைக்கு மேலே பதினான்கு படுதாக்கள். நீலத்தில் ஒன்பது, பச்சையில் ஐந்து. கச்சேரி தொடங்கத் தாமதமானால் நான் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன். அன்றைக்குப் பந்தலை எண்ணி முடித்து, நாற்காலிகளுக்கு வந்தேன். நூற்றுப் பத்து. அதில் கால் விரிசல் விட்டவை மூன்று. அந்த மூன்றில் ஒன்றைத்தான் எனக்குப் போட்டிருந்தார்கள்.

வாலிநோக்கத்துக்கு இந்தப் பக்கம் ஓர் ஊர். பெயர் வேண்டாம், நான் மறுபடியும் அந்த வழியாகப் போக வேண்டியிருக்கும். அங்கே உப்பளத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு மனமகிழ் மன்றம் வைத்திருக்கிறார்கள். ஒரு கூடம், ஒரு கேரம் போர்டு, நான்கு மின்விசிறி. அவற்றில் சுற்றுவது இரண்டு. முன்னால் பெரிய முற்றம். அந்த முற்றத்தில் மன்றத்தின் ஆண்டு விழா. சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. நாலைந்து வருஷம் இருக்கும்.

உப்பளத்தில் வேலை விடியலுக்கு முன்பே ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். அதனால் அவர்களுக்குப் பிற்பகல்தான் பொழுதுபோக்கு நேரம். எனக்கோ பிற்பகல் தூங்குகிற நேரம். மருத்துவர் எழுதிக்கொடுத்தது. யார் கேட்கிறார்கள்?

பந்தலுக்கு அப்பால் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று பாத்திகள், அவற்றின் கரையில் வரிசையாக உப்பு அம்பாரங்கள். இருபத்திரண்டு. வானத்தில் மேகம் ஒன்றுகூட இல்லை. அதையும் எண்ணத்தான் பார்த்தேன்.

பத்துப் பேர் கொண்ட மூன்று பேர்

இந்தத் தொடரை இன்றுதான் பார்க்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கல்லூரி நாள் முதல் டிரம்ஸ் வாசிக்கிறேன். எங்கள் இன்னிசைக் குழுவின் சுவரொட்டியில் 'பத்துப் பேர் கொண்ட' என்று போட்டிருக்கும். வேனிலிருந்து இறங்குவது மூன்று பேர்.

முதலாமவர் ஜபார் பாய். திருப்பாலைக்குடிக்காரர். துபாயில் பதினெட்டு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, ஊருக்கு வரும்போது எல்லோரும் கம்பளியும் டார்ச் லைட்டும் கொண்டுவர, இவர் ஒரு கீபோர்டு கொண்டுவந்தார். சுவரொட்டியில் சொன்ன மீதி ஏழு பேரும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறார்கள். ஆண் குரலும் அவரேதான்.

இரண்டாமவர் பிலோமினா. தங்கச்சிமடம். வாரத்தில் ஆறு நாள் கருவாடு காயப்போடுகிறவள், ஏழாம் நாள் பாடுகிறவள். பாடினால் ஊரே நிற்கும், திட்டினால் ஊரே நடக்கும்.

மூன்றாமவன் நான். டிரம்ஸ், அதோடு சில்லறைச் சத்தங்கள் எல்லாம் என் பொறுப்பு. சலங்கை, மணி, தேங்காய்ச் சிரட்டையில் குதிரைக் குளம்பு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் விசில்.

சென்ற வாரம் ஸ்பீக்கர்கள் நான்கு என்று எழுதியிருந்தேன். ஜபார் பாய் போனில் கூப்பிட்டு, "வாத்தியாரே, ரெண்டுதேன் ஸ்பீக்கரு. மத்த ரெண்டும் வெறும் பொட்டி, கம்பீரத்துக்கு வெச்சிருக்கேன்" என்றார். இத்தனை வருஷம் அந்த வெறும் பெட்டியை நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியிருக்கிறேன். என் இடுப்பு வலிக்குக் காரணம் இப்போது தெரிகிறது.

கல்யாண வீடுகளுக்கெல்லாம் இளவட்டக் குழுக்கள் வந்துவிட்டன. புகை விடுகிற மெஷினோடு வருகிறார்கள். எங்களைக் கூப்பிடுவது சங்கங்களும் மன்றங்களும்தான். திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்கிற நல்ல பெயர் எங்களுக்கு உண்டு.

கேட்டுக்குள் மட்டும்

எங்களைக் கூப்பிட்டவர் மன்றத்தின் செயலாளர் பூமிநாதன். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. அன்றைக்கு மட்டும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வேன் நின்றதும் ஓடிவந்து, என் கையிலிருந்த தாளத்தட்டைத் தானே வாங்கிக்கொண்டார். இந்தக் குழுவில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். அதை யாரும் வாங்கியதில்லை.

"சார், ஒரு வார்த்தை" என்று என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போனார்.

"சொல்லுங்க."

"பாதிக் கச்சேரியில பொதுக்குழு சார். எலெக்சன். ஆறு வருசமா நாந்தேன் செயலாளரு. இந்தத் தடவை கங்காணி ராக்கப்பன் எதுத்து நிக்கிறாப்ல. பாட்டுக் கச்சேரி எதுக்கு, ரெண்டு கேரம் போர்டு வாங்கலாம்னு பேசிக்கிட்டுத் திரியிறாப்ல. நாந்தேன் அடம்பிடிச்சு உங்களக் கூப்பிட்டேன். நீங்க நல்லாப் பண்ணுனாத்தேன் சார் எனக்குக் கை தூக்குவாக."

"ஒரு மன்றத்துச் செயலாளர் பதவிக்கா இவ்வளவு?"

அவர் அம்பாரங்களின் பக்கம் கையைக் காட்டினார். "சார், அங்கன எனக்குப் பேரு ஏலே. கங்காணி கூப்பிட்டாலும் ஏலே, லாரிக்காரன் கூப்பிட்டாலும் ஏலே. எம் மகனப் பள்ளிக்கூடத்துல விட வார ஆட்டோக்காரன்கூட அவங்கிட்ட, ஏலே உங்கப்பன் எங்கலேங்கிறான். இந்தக் கேட்டுக்குள்ள வந்துட்டா மட்டும் செயலாளரண்ணே. இத விட்டுட்டு நான் எங்கன சார் போவேன்?"

 முப்பத்தாறு வருஷம் என்னை எல்லோரும் சார் என்று கூப்பிட்டார்கள். அதில் பாதிப் பேர் நான் திரும்பியதும் வேறு பெயர் சொன்னார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் முகத்துக்கு நேரே சார்தான்.

"நல்லாப் பண்ணிரலாம்" என்றேன். ஜபார் பாய் சார்பிலும் சேர்த்துச் சொன்னேன். அவர் அப்போது மின்சாரப் பிளக்குக்காகச் சமையல்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

மழைக்கு மூன்று

போகத் திரும்பிய பூமிநாதன் என் கழுத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"சார், அது என்ன விசிலு?"

"ரயில் பாட்டு ஒண்ணு இருக்கு. ஆரம்பத்துல கார்டு ஊதுற மாதிரி மூணு நீட்டு."

"அய்யய்யோ. மூணு ஆகாது சார்!"

உப்பளத்தில் மூன்று நீட்டு விசில் என்றால் மழை வருகிறது என்று அர்த்தமாம். கோடையில் எங்கிருந்தாவது ஒரு மேகம் திரண்டு வந்தால், கங்காணி மூன்று முறை நீட்டி ஊதுவார். குளித்துக்கொண்டிருந்தாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து ஓட வேண்டும். கொட்டகையிலிருந்து படுதாக்களை எடுத்து அம்பாரங்களை மூட வேண்டும். பத்து நிமிஷம் பிந்தினால் இரண்டு மாத உழைப்பு கரைந்து, வந்த வழியே கடலுக்குப் போய்விடும்.

"ஒண்ணு ஊதுனா கூலி போடுறது. ரெண்டு ஊதுனா தண்ணி லாரி. மூணு ஊதுனா மழை. நீங்க ரெண்டோட நிப்பாட்டிக்கிருங்க சார்."

"தண்ணி லாரின்னு எந்திரிச்சுப் போயிற மாட்டாங்களா?"

"ஞாயித்துக்கெழமை தண்ணி வராதுன்னு எல்லாத்துக்கும் தெரியும் சார்."

நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு என்று மனதில் குறித்துக்கொண்டேன். கையிலிருந்த பாட்டு வரிசையிலும் 'விசில் 3' என்பதை அடித்து 2 என்று எழுதினேன். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. குறை சொல்வதானால் ஒன்றே ஒன்று. அதை ஜபார் பாயிடம் சொல்லவில்லை.

கைதட்டாத சபைகள்

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். தொழிலாளர் சபைகளில் வாசிப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்கு அடுத்து நடந்தது விளங்காது.

இந்தச் சபைகளில் கைதட்ட மாட்டார்கள். ராமநாதபுரத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தில் வாசித்தோம். ஒருவரும் வண்டியை விட்டு இறங்கவில்லை. பாட்டுப் பிடித்தால் ஹாரன். பிடிக்காவிட்டாலும் ஹாரன். பதினேழு பாட்டு வரை எது எதுவென்று தெரியாமலே வாசித்தோம். பதினெட்டாவது பாட்டில் பக்கத்து ஸ்டேஷனுக்குப் பயணிகள் ரயில் வந்துவிட்டது. ஒரு நிமிஷத்தில் மைதானம் காலி. பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றது எங்கள் வேன் ஒன்றுதான்.

தங்கச்சிமடத்தில் வேறு மாதிரி. படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்கால இரண்டு மாதத்தில் மீனவர் சங்கக் கட்டடத்தில் எங்களைக் கூப்பிடுவார்கள். வந்து உட்காருகிறவர்கள் வலையையும் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். கிழிந்த கண்ணியை முடிந்துகொண்டே கேட்பார்கள். தலை நிமிராது. சோகப் பாட்டானால் கைகள் மெதுவாகப் போகும், குத்துப் பாட்டானால் வேகம் பிடிக்கும். ஒருமுறை சங்கத் தலைவர் மேடைக்கே வந்து, "பிலோமினா, வேகமான பாட்டாவே போடு தாயீ. வலை நெறையாக் கெடக்கு" என்றார். அன்றைக்கு இருபது பாட்டும் ஓட்டம்தான். மறுநாள் என் வலது தோள் வீங்கிவிட்டது. வலைகள் எல்லாம் முடிந்துவிட்டதாகக் கேள்வி.

அதனால் எங்களுக்கு ஒரு விதி உண்டு. சபை என்ன செய்தாலும் பாட்டை நிறுத்தக் கூடாது. எழுந்து போனால் போகட்டும். சண்டை வந்தால் வரட்டும். எடுத்த பாட்டை முடித்துவிட்டுத்தான் வேனில் ஏறுவது.

இரண்டாவது விதி, எங்களில் ஒருவர் தவறவிட்டால் மற்றவர் மூச்சுக் காட்டாமல் அதை நிரப்பிவிட வேண்டும். பிலோமினா சரணத்தில் வார்த்தை மறந்தால் ஜபார் பாய் அந்த வரியைக் கீபோர்டில் வாசித்துவிடுவார். நான் தும்மி ஓர் அடி விட்டால் பிலோமினா செருப்புக் காலால் பலகையில் தட்டிவிடுவாள். கேட்கிறவர்களுக்குத் தெரியாது. இறங்கிய பிறகு ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிடுவோம், அது வேறு. மேடையில் மட்டும் யாரும் யாரையும் விழ விடுவதில்லை.

நல்ல விதிதான். அன்றைக்கு மட்டும் அது இல்லாமலிருந்திருக்கலாம்.

ஒன்பதாவது பாட்டு

எட்டுப் பாட்டுகள் நன்றாகப் போயின. தொண்ணூற்றாறு பேர். அதில் ஓட்டுப் போடக்கூடிய உறுப்பினர்கள் ஐம்பத்தெட்டு, பாதிக்கு மேல் பெண்கள். நிழல் இருந்ததால் யாரும் நெளியவில்லை. முன்வரிசையில் கங்காணி ராக்கப்பன்கூட, வேண்டாவெறுப்பாக முகத்தை வைத்துக்கொண்டு, கால் கட்டைவிரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பூமிநாதன் மைக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

ஒன்பதாவது, ரயில் பாட்டு.

விசிலை வாயில் வைத்தேன். ஒன்று. நீட்டு. இரண்டு. நீட்டு. எடுத்துவிட்டேன்.

ஜபார் பாய் என்னைப் பார்த்தார். மூன்றாவதற்காகக் காத்திருந்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவர் கண்ணில் ஓர் இரக்கம் தெரிந்தது. வாத்தியாருக்கு மூச்சுப் போதவில்லை என்று நினைத்துவிட்டார். அந்தத் துபாய்ப் பெட்டியில் இல்லாத சத்தம் கிடையாது. ஒரு விரலால் அமுக்கினார்.

மூன்றாவது விசில் இரண்டு ஸ்பீக்கர்களிலும் வந்தது. மனுஷன் ஊதுவதைவிட இரு மடங்கு நீளம்.

தொண்ணூற்றுச் சொச்சம் பேர் ஒரே நேரத்தில் எழுந்தால் பிளாஸ்டிக் நாற்காலிகள் என்ன சத்தம் போடும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேட்டியை மடித்துக்கொண்டு, ஓட்டம். எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் ராக்கப்பன். மழை விசில் அவருடைய சட்டைப் பையில் கிடந்தது. அதை ஊத வேண்டியவரும் அவர்தான். தான் ஊதவில்லையே என்று அவருக்கும் தோன்றவில்லை.

மிஞ்சியவர்களை எண்ணினேன். தக்காளிச் சாதம் கிண்டிக்கொண்டிருந்த சமையல்காரர். காலில் கட்டுப் போட்ட ஒருவர். தூங்கிய குழந்தைகள் இரண்டு. பூமிநாதன்.

ஜபார் பாய் ரயிலை ஓட்டிக்கொண்டேயிருந்தார். பிலோமினா பல்லவியை எடுத்துவிட்டாள். விதி அல்லவா? நானும் அடித்தேன்.

பூமிநாதன் மேடைக்கு வந்து என் காதருகே குனிந்தார்.

"முடிஞ்சிருச்சு சார்."

"என்னய்யா முடிஞ்சது? மழை இல்லன்னு தெரிஞ்சதும் திரும்பி வந்துருவாங்க."

"அதில்ல சார்." கையை மேலே காட்டினார். "அது அம்பாரத்துப் படுதா சார்."

தாளம் ஒன்று தவறியது. பிலோமினா செருப்பால் தட்டினாள்.

பந்தல்காரர் கடைசி நேரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டாராம். "சித்திர வெயில்ல உக்கார வெச்சா ஒரு ஓட்டு விழுகாது சார். மானம் வெளுத்துக் கெடந்துச்சு. நாலு மணி நேரந்தானேன்னு கொட்டகையத் தொறந்து எடுத்துட்டேன். கட்டுறப்ப யாரும் கவனிக்கல. கீழ இருந்து பாத்தா எல்லாப் படுதாவும் ஒண்ணு போலத்தான சார் இருக்கு?"

பந்தல் பிரிந்த பாட்டு

முதல் சரணத்தில் திரும்பி வந்தார்கள். போனபோது இருந்ததைவிட வேகமாக.

ராக்கப்பன் மூச்சிரைக்க மேடைக்கு முன்னால் நின்றார். "ஏலே பூமி! கொட்டகையில ஆறு கந்தல்தேன் கெடக்கு. மிச்சம் எங்கலே?"

 பூமிநாதனின் பார்வை ஒரு கணம் மேலே போய்வந்தது. ராக்கப்பன் மேலே பார்த்தார். பிறகு எல்லோரும் மேலே பார்த்தார்கள். கச்சேரிக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே திசையில் பார்த்தது அன்று அந்த ஒரு தடவைதான்.

"அண்ணே, மழை இல்லண்ணே. பாட்டுல வார விசிலு" என்றார் பூமிநாதன்.

"மழை இல்லேன்னு எனக்கும் கண்ணு இருக்குலே. இருந்திருந்தா? இருவத்திரண்டு அம்பாரம்லே! படுதா உப்பு மேல கெடக்கணுமா, இந்தப் பாட்டுக்காரப் பயலுக மண்டை மேல கெடக்கணுமா?"

"என் மண்டை மேல இருக்கிறது தப்பில்லை" என்று சொல்ல நினைத்தேன். எனக்கு முடி கிடையாது. சொல்லவில்லை.

முன்வரிசை அம்மாள் ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏன்டா பூமி, எங்க பொழப்ப உருவிக் கூரை போட்டு, அதுக்குக் கீழ எங்களயே உக்கார வெச்சு, கை வேற தூக்கச் சொல்லுவியா?"

யாரோ சிரித்தார்கள். பூமிநாதனுக்கு அது அடியைவிட வலித்திருக்கும். அந்தக் கேட்டுக்குள் அவரை அண்ணே என்று சொல்லாமல் கூப்பிட்டதே அன்றைக்குத்தான்.

அவர் வெள்ளைச் சட்டையோடு மூங்கிலில் ஏறினார். முதல் முடிச்சை அவரே அவிழ்த்தார். பிறகு எல்லாப் பக்கமும் ஏறிவிட்டார்கள்.

ஜபார் பாய் எங்களைத் திரும்பிப் பார்த்து, "நிப்பாட்டாதீக" என்றார்.

இரண்டாவது சரணம் முழுக்கப் பந்தல் பிரிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு படுதாவாகக் கழன்று விழ, வெயில் ஒவ்வொரு கட்டமாக மேடைமேல் இறங்கியது. நீலம் எட்டு, ஏழு, ஆறு. பச்சை ஒன்று ஜபார் பாய் மேலேயே விழுந்தது. படுதாவுக்குள்ளிருந்தும் பாட்டு வந்துகொண்டிருந்தது. பிலோமினா கண்ணை மூடி மேல் சுரத்தைப் பிடித்தாள். அவள் அந்தப் பாட்டை அவ்வளவு நன்றாகப் பாடி நான் கேட்டதில்லை. கேட்பதற்கு, கட்டுப் போட்ட காலோடு ஒருவர் இருந்தார்.

பாட்டு முடிந்தபோது தலைக்கு மேலே பூஜ்யம்.

"வாத்தியாரே, மூணாவது விசில ஏன் விட்டீக?" என்று படுதாவிலிருந்து தலையை நீட்டிக் கேட்டார் ஜபார் பாய்.

சொன்னேன்.  "யா அல்லா. இத முன்னாடியே சொல்லித் தொலையக் கூடாதா? வரிசைத் தாள்ல அடிச்சுத் திருத்துனீகளே, அத யாரு படிக்கிறதுக்கு?"

"அந்த மனுசன் முகத்தப் பாத்தீகளா அண்ணே?" என்றாள் பிலோமினா. 

கைகள்

அம்பாரங்களை மூடிவிட்டு நான்கைந்து பேராகத் திரும்பி வந்தார்கள். மழை இல்லாத நாளில் உப்பை மூடிவிட்டு, வெயிலில் வந்து உட்கார்ந்தார்கள். பொதுக்குழு தொடங்கியது. விவாதம் எதுவும் இல்லை. விவாதிக்க வேண்டியதெல்லாம் மூங்கிலாக நின்றுகொண்டிருந்தது.

கையை யார் எண்ணுவது என்பதில்தான் தகராறு. இவர் எண்ணினால் அவர் ஒப்பவில்லை. கடைசியில் ராக்கப்பனே என் பக்கம் திரும்பினார். "கணக்கு வாத்தியாருதான நீரு? இறங்கி வாரும்."

பூமிநாதனுக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னேன். நான் ஐந்தோ ஆறோ எதிர்பார்த்தேன். இருபத்தெட்டு. இரண்டு முறை எண்ணினேன். இடுப்பில் கை வைத்துப் பேசிய அந்த அம்மாளும் தூக்கியிருந்தாள். என் பார்வையைப் புரிந்துகொண்டு, "என்ன பாக்குறீக? கிறுக்குப் பயதேன். ஆனா எம் மகளுக்கு ராத்திரி காச்சலுன்னப்ப சைக்கிள் மிதிச்சவன் அவந்தேன்" என்றாள்.

ராக்கப்பனுக்கு இருபத்தொன்பது. மூன்று முறை எண்ணினேன்.

கூட்டினால் ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு வர வேண்டும். யாரைக் காணோம் என்று வரிசையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பூமிநாதனே இல்லை. கடைசி அம்பாரத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

மன்றத்தின் விதிப்படி, ஓட்டுகள் சமமாக வந்தால் இருக்கிற செயலாளரே தொடரலாம். கால்கட்டுக்காரர் அதை எடுத்துச் சொன்னார். ஆக, ஒரு கை.

இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது என்று சொல்லிவிட்டால் யார் திருப்பி எண்ணப் போகிறார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. விசில் என்னுடையதல்லவா? ஆனால் முப்பத்தாறு வருஷம் விடைத்தாளில் அரை மதிப்பெண்கூடக் கூட்டிப் போடாதவன். வாய் வரவில்லை.

"ஆள விட்டு அவரைக் கூட்டிக்கிட்டு வாங்க. அவர் ஓட்டு பாக்கி" என்றேன்.

ராக்கப்பன் ஆட்சேபிக்கவில்லை. "வரட்டும். வந்து தூக்கட்டும்" என்றார்.

பூமிநாதன் வந்தார். வெள்ளைச் சட்டை அந்த நிறத்தில் இல்லை. உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்த கோடுகள், அதற்குள் உப்பு. ஆட்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எத்தனைக்கு எத்தனை சார்?"

"இருபத்தெட்டு, இருபத்தொன்பது. உங்களுக்கு ஒண்ணு குறையுது. உங்க கையைத் தூக்கினா சமம். நீங்கதான் தொடர்வீங்க."

 சமையல்காரர் கரண்டியை நிறுத்திவிட்டார்.

பூமிநாதன் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். "ரெண்டும் எரியுது சார்" என்றார். "தூக்க முடியல."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ராக்கப்பனுக்கு முன்பே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பூமிநாதன் இடுப்பிலிருந்து கூடத்துச் சாவியை இரண்டு விரலால் எடுத்து அவர் மடியில் போட்டார்.

ராக்கப்பன் எழுந்து தொண்டையைச் செருமினார். செயலாளராக அவருடைய முதல் பேச்சு இதுதான்: "இருவத்திநாலு பாட்டுக்குப் பேசிக் கூட்டியாந்துருக்கு. ஒம்போதுதேன் ஆயிருக்கு. வெயிலாவது மயிராவது, மிச்சத்தப் போடச் சொல்லுங்கலே."

நான் டிரம்ஸுக்குப் போனேன். பத்தாவது பாட்டு. பிலோமினா எடுத்தாள்.

பூமிநாதன் முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறு ஆண்டு விழாக்களில் மைக் ஒயரையும் தண்ணீர்ப் பானையையும் சமையலையும் பார்த்துக்கொண்டே ஓடியவர், உட்கார்ந்து ஒரு பாட்டும் கேட்டிருக்க மாட்டார். காலை நீட்டினார். எரியும் கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். பல்லவி முடியும் வரை பொறுத்திருந்தார். பிறகு, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, மேடையைப் பார்த்துக் கத்தினார்:

"ஏலே மொட்ட! அந்தம்மா பாடுறது ஒரு எழவும் கேக்கல. அடிய கொறைலே!"

முற்றமே கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார்.

குறைத்தேன்.